ஆண்கள் வாட்டில் கேட்காமல் விட்ட கேள்வி

ஆஸ்பத்திரியின் ஆண்கள் வாட்டில் புதிதாக அனுமதிக்கப்படுகிறவர்களிடம் நான் கேட்கும் ஒரு கேள்விக்கு இளம் தாதியர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சீனி வருத்தம் உண்டா, பிறசர் உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்றெல்லாம் கேட்டு எழுதி முடித்தபிறகு, "முகத்துக்கு ஏதும் பூசுறனீங்களோ?" என்று கேட்பேன். காய்ச்சலோடு வந்த ஒரு தோட்டக்காரர், "விபூதிதான் பூசுறனான்" என்றார். அன்றைக்கு வாட்டே சிரித்தது.

நான் ஓய்வுபெற்று ஒரு வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. போன மாதம் அந்த வாட்டில் வேலை செய்யும் ஒரு தாதிப் பிள்ளை தொலைபேசி எடுத்தாள். இப்போது எல்லாவற்றையும் கணினியில் பதிகிறார்களாம். "சேர், நீங்கள் கேக்கிற கேள்விக்கு இதிலை பெட்டி இல்லை. எங்கை பதியிறது? நீங்கள் ஏன் கேட்டனீங்கள் எண்டாவது சொல்லுங்கோவன்" என்றாள். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய விசயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடம் தாதியர் பயிற்சி எடுத்தேன். எங்கள் அணியில் ஆண்கள் நான்கு பேர். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு மருந்து வருவதே பெரிய பாடு. சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பரிசோதனைத் தாள் எங்களுக்குக் கிடைக்காது. கண்ணாடிக் குழாயில் சிறுநீரை முக்கால்வாசி விட்டு, சரித்துப் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் மேற்பகுதியை மட்டும் சூடாக்க வேண்டும். கலங்கினால் இரண்டு சொட்டு அமிலம் விட வேண்டும். கலங்கல் கரைந்தால் பயமில்லை. கரையாமல் முட்டை வெள்ளைக்கரு போல நின்றால் சிறுநீரில் புரதம் போகிறது என்று அர்த்தம். பயிற்சியில் படித்ததில் இது கையிலேயே ஊறிவிட்டது. மற்றதெல்லாம் வாட்டில்தான் படித்தேன்.

எனக்குப் படிப்பித்தவர் நேசமலர் சிஸ்டர். வாட்டுக்குப் பொறுப்பான தாதி. உயரம் குறைந்தவர், சத்தமாகக் கதைக்கமாட்டார். நோயாளியின் கால்மாட்டில் நின்றுகொண்டு அவர் ஒரு கேள்விகூடக் கேட்டதை நான் கண்டதில்லை. ஒரு முக்காலியை இழுத்துக் கட்டிலின் பக்கவாட்டில் போட்டு, நோயாளியின் கண்மட்டத்துக்கு இருந்துகொண்டுதான் கேட்பார். கேட்டபிறகு வாயை மூடிக்கொள்வார். அந்த மௌனம் எங்களுக்குத் தாங்காது. நாங்களே நோயாளிக்குப் பதிலாக ஏதாவது சொல்லிவிடுவோம். "நீர் கேக்கிறீர். ஆனா பதில் வரும்வரைக்கும் நிக்கிறீர் இல்லை" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

இன்னொரு நாள் நடந்தது இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுந்து வெளிநோயாளர் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டாள். பதினைந்து வயது. தராசில் ஏற்றி நிறுத்தது நான். "முப்பத்தாறு கிலோ!" என்று எழுதுகிறவருக்குக் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு சிஸ்டர் முக்காலியில் இருந்து அவளோடு கதைத்தபோதுதான் தெரிந்தது, அவள் இரண்டு மாதமாக மத்தியானச் சாப்பாட்டைக் காகத்துக்குப் போட்டு வந்திருக்கிறாள். பள்ளிக்கூடக் கொப்பி உறைக்குள் ஒரு நடிகையின் படம் வைத்திருந்தாள், வார இதழில் வெட்டியது. அந்த இடை தனக்கு வரவேண்டும் என்பதுதான் அவளின் கணக்கு.

தேத்தண்ணி நேரம் சிற்றூழியர்கள், தாதிகள் எல்லாரும் இருக்கையில் சிஸ்டர் என்னைப் பார்த்து, "உம்மடை எடை எவ்வளவு?" என்று கேட்டார். நான் அப்போது ஈர்க்கில் போல இருப்பேன். சொல்ல வெட்கமாக இருந்தது. "சொல்லுமன். எல்லாருக்கும் கேக்கச் சொல்லும்." நாற்பத்தேழு என்று முணுமுணுத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. "இனி எழுதும். கத்தாதையும்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேலாக நான் ஒருவருடைய எடையையும் வாயால் சொன்னதில்லை.

சிஸ்டர் ஓய்வுபெற்றுப் போனார். நான் வேறு வேறு வாட்டுகளில் வேலை செய்தேன். கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆண்கள் மருத்துவ வாட்டுக்குப் பொறுப்பாக வந்தேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போதுதான் அந்தப் பொடியன் வந்தான்.

அவனுக்கு நிக்சன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. வயது பதினேழு. கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா அருளப்பு கடற்றொழிலாளி. பொடியன் வரும்போது முகம் அதைத்து வீங்கிக் கண் இரண்டும் கோடு போல இருந்தது. கணைக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. சிறுநீர் சவுக்காரத் தண்ணீர் போல நுரைத்தது. பரிசோதனைத் தாள் இப்போது இருக்கிறதே, தோய்த்த உடனே கடும் பச்சையாக மாறியது. புரதம் அள்ளிக்கொண்டு போகிறது. சிறுநீரகம் பழுதாகிறது என்று புரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

எங்கள் மருத்துவ நிபுணர் ஒரு பெண். நிதானமானவர். நாட்டு மருந்து எடுத்தானா, நோவுக் குளிசை போடுகிறவனா, மூட்டு வலி உண்டா, தோலில் புண் வந்ததா, பாம்பு கடித்ததா என்று ஒன்றும் விடாமல் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். உப்பில்லாச் சாப்பாடு, அளந்து தண்ணீர், நீர் போகிற குளிசை என்று தொடங்கினோம். ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாட்டுக்கு முன் அதே சாரத்தை உடுத்தபடி எடை நிறுத்து, தொப்புள் மட்டத்தில் நாடாவால் வயிற்றைச் சுற்றி அளந்து எழுத வேண்டும். காலை ஆறு மணிக்குப் போகும் சிறுநீரை ஊற்றிவிட்டு, அதற்குப் பிறகு மறுநாள் ஆறு மணி வரைக்கும் போகும் ஒவ்வொரு துளியையும் ஒரு பிளாஸ்டிக் கானில் சேர்க்க வேண்டும். ஒரு தரம் தவறினாலும் கணக்குப் பிழைக்கும். பொடியன் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தான். ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை.

மூன்று நாள் எடை குறைந்தது. நாலாம் நாள் நின்றுவிட்டது. புரதம் கொஞ்சமும் இறங்கவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்ப்போம் என்று டொக்டர் யோசித்தார்.

இதில் என் பிழையைச் சொல்ல வேண்டும். அவனுடைய முகமும் கழுத்தும் கையைவிட வெள்ளையாக இருந்ததை நான் முதல் நாளே கண்டேன். கழுத்துக்குக் கீழே சேட்டுப் பட்டன் மட்டத்தில் கோடு கிழித்தது போல நிறம் மாறியது. வீக்கம் உள்ளவர்கள் வெளிறித்தான் தெரிவார்கள் என்று நானே காரணம் கண்டுபிடித்து விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம், பார்வையாளர்கள் போனபிறகு, காலையில் எடுத்த வயிற்றளவில் சந்தேகம் வந்து நாடாவை எடுத்துக்கொண்டு அவனுடைய கட்டிலுக்குப் போனேன். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு உள்ளே போனில் கதைத்துக்கொண்டிருந்தான். யாரோடோ கதைக்கிறான் என்று நினைத்துப் போர்வையை விலக்கினேன். அவன் தன்னையே படம் பிடித்துக்கொண்டிருந்தான். திரையில் ஒரு பொடியன் சிரித்தான். ஒடுங்கிய கன்னம், பெரிய கண், பால் போல நிறம். எனக்கு முன்னால் கட்டிலில் இருந்தவனுக்குக் கண்ணே திறக்க முடியவில்லை.

"உது ஆர் தம்பி?"

"நான்தான் சேர். பில்டர் போட்டது."

"என்னத்துக்கு?"

"ஒவ்வொரு நாளும் வீடியோ போடுறனான் சேர். ஒரு நாள் விட்டாலும் சனம் பாக்கிறது குறைஞ்சிடும்."

"நீர் ஆஸ்பத்திரியிலை எண்டு அதுகளுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. இதிலை வீக்கம் தெரியாதுதானே" என்றான். அதில் அவனுக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

வயிற்றை அளந்து எழுதினேன். போகத் திரும்பினவன், ஏனோ போகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"போனுக்குள்ளை சரி. ரியூசனுக்குப் போகேக்கை உம்மை நேரிலை பாக்கிற ஆக்கள் இருக்கினந்தானே. அவையளுக்கு என்ன செய்வீர்?"

பகிடியாகத்தான் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. நானும் பேசாமல் இருந்தேன். மின்விசிறி சுற்றியது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் படுத்தார்.

"அதுக்கு ஒண்டு பூசுறனான் சேர்."

தலையணை உறைக்குள் கையை விட்டு ஒரு சின்ன வெள்ளை டப்பாவை எடுத்தான். மூடியில் ஒரு பூப் படம். விளங்காத எழுத்து. யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது, ஒன்றும் போடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகும் ஒவ்வொரு நாள் காலையும் முகம் கழுவிவிட்டுப் பூசியிருக்கிறான். நாங்கள் ஒரு பக்கம் நீரை இறக்க, அவன் மறுபக்கம் நஞ்சை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறான். இரண்டு பேருக்கும் அது தெரியாது.

மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னான். சனிக்கிழமைகளில் அப்பாவோடு கடலுக்குப் போகிறவன். ஒருநாள் வள்ளத்தில் நின்று வலை இழுப்பதை வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறான். நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே எழுதியும் இருக்கிறார்கள்.

"என்ன எழுதினவை?"

"கரிச்சட்டி எண்டு. இருட்டிலை எடுத்திருந்தாப் பல்லு மட்டுந்தான் தெரியும் எண்டு. கன பேர் சேர். எல்லாரும் சிரிக்கிற படம் போட்டிருந்தினம்."

"தெரிஞ்ச ஆக்களோ?"

"ஒருத்தரையும் தெரியாது."

அதற்குப் பிறகு கடலுக்குப் போவதை நிறுத்தினான். பந்தடிக்கப் போவதை நிறுத்தினான். வெயில் தாழ்ந்தபிறகு உள்ள ரியூசன் வகுப்புக்கு மட்டும் போனான். யாரோ ஒரு பொடியன் கறுப்பாக இருந்து வெள்ளையான வீடியோ ஒன்று வந்திருக்கிறது. அதன் கீழே இருந்த இலக்கத்துக்குச் செய்தி அனுப்ப, டப்பா தபாலில் வந்திருக்கிறது. "மூண்டு கிழமையிலை வேலை செய்தது சேர். உண்மையா வேலை செய்தது" என்றான். எட்டு மாதமாகப் பூசுகிறான்.

"ஏன் இதை டொக்டருக்குச் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே சேர்."

உண்மைதான். பாம்பு கடித்ததா என்றுகூடக் கேட்டோம். இதைக் கேட்கவில்லை.

"அப்பாக்குச் சொல்லாதேங்கோ சேர்" என்று என் கையைப் பிடித்தான்.

"டொக்டருக்கு நான் சொல்லத்தான் வேணும். அப்பாக்கு நான் சொல்லமாட்டன். நீர்தான் சொல்ல வேணும். நான் பக்கத்திலை நிக்கிறன்."

டொக்டர் உடனே வந்தார். ஏசவில்லை. கையுறை போட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, மூடி, இரண்டு பொலித்தீன் பைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டி, பெயரும் திகதியும் எழுதிக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். இப்படியான சில கிறீம்களில் பாதரசம் கலப்பார்கள் என்றும், அது தோலால் உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும் என்றும் அவனுக்கே விளங்கப்படுத்தினார். பிறகு அவனுடைய துவாய், தலையணை உறை, சாரம் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். வீட்டில் அவனோடு ஒரே துவாயைப் பாவிக்கிறவர்கள் யார் என்று கேட்டு, அம்மாவையும் பரிசோதனைக்கு வரச் சொல்லி எழுதினார். வெளியே வந்து என்னிடம், "பொம்பிளைப் பிள்ளையா இருந்திருந்தா முதல் நாளே கேட்டிருப்பம், என்ன?" என்றார். நான் தலையாட்டினேன்.

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்கு அருளப்பு வந்தார். உப்பில்லாமல் அவித்த மீனும் சோறும் கொண்டுவந்திருந்தார். நான் சொன்னபடி பக்கத்தில் நின்றேன். நிக்சன் போர்வையைப் பார்த்தபடி சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். நிறம் மாறுவதற்குப் பூசினேன், அதில்தான் இந்த வருத்தம் வந்தது என்று.

அருளப்பு ஏசுவார், கைநீட்டுவார் என்று நினைத்து நான் ஆயத்தமாக நின்றேன். அவர் தன்னுடைய முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். மற்றக் கையால் அதைத் தடவினார்.

"என்ரை நிறந்தானே ஐயா அவனுக்கு" என்றார் என்னிடம். பிறகு சாப்பாட்டுப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் பின்னால் போனேன். சைக்கிள் விடும் இடத்தில் நின்றார்.

"படிக்க வேணும் எண்டுதான் கடலுக்கு வரேல்லை எண்டு நினைச்சன், ஐயா. தாய்க்காரியிட்டையும் சொன்னன், அவனைக் கூப்பிடாதை, படிக்கட்டும் எண்டு. ஊரிலை எல்லாருக்கும் சொல்லிச் சந்தோசப்பட்டன்." சைக்கிளின் கைபிடியைப் பிடித்தார். "அவன் என்னைப்போலை வந்திடுவன் எண்டு பயந்திருக்கிறான்."

"அவன் உங்களைப் பாத்துப் பயப்பிடேல்லை. ஆரெண்டே தெரியாத சனத்தைப் பாத்துத்தான் பயந்தவன்" என்று சொன்னேன். அவர் கேட்டாரோ தெரியாது. சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு திரும்பி வாட்டுக்குள் போனார். மகனை எழுப்பி இருத்தி, மீனைப் பிய்த்து, முள் எடுத்து, பீங்கானின் ஓரத்தில் வைத்தார். "தின்" என்றார். பதினேழு வயதுப் பிள்ளைக்கு யாரும் முள் எடுத்துக் கொடுப்பதில்லை. அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கிறீமை நிறுத்தி இரண்டு கிழமையில் புரதம் இறங்கத் தொடங்கியது. துணுக்கு எடுக்கும் யோசனையை டொக்டர் தள்ளி வைத்தார். கொழும்பிலிருந்து முடிவு வரச் சில கிழமை எடுத்தது. டப்பாவிலும் பாதரசம், அவனுடைய சிறுநீரிலும் பாதரசம். தாய்க்கு நல்லகாலமாக ஒன்றும் இல்லை. விற்றவனின் இலக்கத்தைச் சுகாதாரப் பகுதிக்குக் கொடுத்தோம். அது வேலை செய்யவில்லை என்று சொன்னார்கள்.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அப்படி முடியவில்லை. வீட்டுக்குப் போனபிறகு அவன் முகம் திட்டுத் திட்டாகக் கறுத்தது. வீடியோ போடுவதை நிறுத்திவிட்டான். மூன்றாம் மாதக் கிளினிக்கில் இறங்கிக்கொண்டிருந்த புரதம் மறுபடி ஏறியிருந்தது. தாளை அவனிடம் காட்டினேன். ஏன் என்று கேட்கவில்லை. காட்டிவிட்டு இருந்தேன்.

"கோயில் பெருநாள் வந்தது சேர்" என்றான். சினேகிதப் பொடியன் ஒருவனிடம் வேறொரு டப்பா வாங்கி, பெருநாளுக்கு முன் ஒரு கிழமை பூசியிருக்கிறான். எனக்குக் கோபம் வந்தது. நேசமலர் சிஸ்டராக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்து, கோபத்தை அடக்கிக்கொண்டு, "அந்தப் பொடியனுக்குக் கால் வீங்குதோ?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் திடுக்கிட்டான். அதை அவன் யோசிக்கவே இல்லை.

அடுத்த கிளினிக்குக்கு அவன் தனியாக வரவில்லை. அந்தச் சினேகிதனையும், இன்னொரு பொடியனையும், ரியூசனில் படிக்கும் ஒரு பெண் பிள்ளையையும் அதன் தாயையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஆளுக்கொரு டப்பா, கடைப்பைக்குள் சுற்றி. நிக்சனோடு பிள்ளைகள் நான்கு பேரும் வாங்கில் வரிசையாக இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பெண் பிள்ளைக்குப் புரதம் கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. நேரத்தோடு கண்டதால் கெதியாகச் சுகமானது. அன்றைக்குப் பின்னேரம் அனுமதிப் படிவத்தின் ஓரத்தில் என் கையெழுத்தால் அந்தக் கேள்வியை எழுதினேன். ஓய்வுபெறும்வரைக்கும் ஒவ்வொரு படிவத்திலும் எழுதினேன்.

நிக்சனுக்குச் சிறுநீர் முற்றாகத் தெளிய இன்னும் பல மாதம் சென்றது. என்னுடைய வேலையின் கடைசி மாதத்தில்தான் டொக்டர் அவனுடைய கிளினிக் கொப்பியில், இனி வருடத்துக்கு ஒருதரம் வந்தால் போதும் என்று எழுதினார். கொப்பியை என்னிடம் காட்ட வாட்டுக்கு வந்தான். முகம் பழைய நிறத்துக்கு வந்து, கன்னத்து எலும்பு தெரிந்தது. சனிக்கிழமைகளில் அப்பாவோடு கடலுக்குப் போவதில்லை, சோதனை வருகிறது, உண்மையாகவே படிக்கிறேன் என்றான்.

"ரியூசனுக்குத் திரும்பப் போன நாள் பயமாயிருந்தது சேர்" என்றான். "கறுத்துப்போய் வந்திருக்கிறான் எண்டு எல்லாரும் கேப்பினம், என்ன சொல்லுறதெண்டு வழியெல்லாம் யோசிச்சுக்கொண்டு போனன். ஒருத்தரும் கேக்கேல்லை. ரெண்டு மூண்டு நாள் பாத்தன். பிறகு பக்கத்து வாங்குப் பொடியனிட்டை நானே கேட்டன், என்னிலை ஏதும் வித்தியாசம் தெரியேல்லையோடா எண்டு."

"என்ன சொன்னவன்?"

"கனநேரம் என்னை உத்துப் பாத்திட்டு, 'தலைமயிர் வெட்டினனியோ?' எண்டு கேட்டான் சேர்."

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். கொஞ்சநேரத்தில் அவனுடைய சிரிப்பு நின்றுபோனது.

"எட்டு மாசம் பூசினனான், சேர்" என்றான்.